மீன் தராசில் மூன்று லென்ஸ்கள்

அன்று காலை தலைவாரச் சீப்பை எடுத்தேன். கை காது வரைக்கும் வந்து நின்றது. அதற்கு மேல் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. முதல்நாள் பேசாலையில் ஒரு கலியாணம். பெண் வீட்டு அலங்காரத்தில் தொடங்கி, கோவில் பூசை முழுக்க நின்று, மண்டபத்தில் கடைசிப் பந்தி எழும்பும்வரை என் பெரிய கமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்திருந்தேன். கலியாணப் படம் எடுப்பதுதான் என் தொழில். வீடு வங்காலையில், மன்னார் ரவுணில் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ. வலி என்றால் எண்ணெய் பூசிவிட்டு மறந்துவிடுகிற ஆள் நான். சீப்பைத் தூக்க முடியாத கை கமராவை எப்படித் தூக்கும் என்று அன்றைக்குத்தான் பயம் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் தோளைப் பார்த்த இயன்மருத்துவர் ஓர் இளம்பெண். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். படம் எடுப்பதெல்லாம் பாரமான வேலையா என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. அடுத்தமுறை போகும்போது கமராவையும் அதன் நீண்ட லென்ஸையும் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தேன். ஒற்றைக் கையால் தூக்கியவள் உடனே மற்றக் கையையும் கொடுத்தாள். கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பிடித்தாள். சிரிப்பு போய்விட்டது. தோளுக்குள் தசைநார் வீங்கிக் கிடக்கிறது, பயிற்சி செய்தால் ஆறும், ஆனால் இந்தப் பாரத்தை இனிக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்றாள்.

"பாரத்தை விடுங்கோ, இல்லாட்டி வேலையை விடுங்கோ. இரண்டையும் வைச்சிருக்க ஏலாது," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வேலையை விடுவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. காரணம் அக்கா. அக்காவின் மகளுக்கு வங்காலைக் கோவிலில் கலியாணம் பேசி நாளும் குறித்தாகிவிட்டது. கிறிஸ்மசுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கினால் கோவிலில் கலியாணம் வைப்பதில்லை என்பதால், அதற்கு முதல், மாரி மழைக்குள் நாள் வைத்திருந்தார்கள்.

அக்காவின் கலியாணம் நடந்தது இந்தியாவில், மண்டபம் என்ற ஊரிலிருந்த அகதி முகாமில். நான் அப்போது பாவாடை சட்டைக்காரி. முகாமில் ஒருவரிடம் சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு கமரா இருந்தது. அவர் பூசை முழுக்கக் குனிந்தும் நிமிர்ந்தும் படமாக எடுத்துத் தள்ளினார். கழுவக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, உள்ளே பிலிம் சுருள் பல்லில் மாட்டவே இல்லை. அது போட்ட இடத்திலேயே சுகமாகக் கிடந்திருக்கிறது. ஒரு படமும் இல்லை. அக்கா அதற்காக அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் யாருடைய கலியாண அல்பம் கைக்கு வந்தாலும் தாலி கட்டுகிற பக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடுவாள். நான் ராமேஸ்வரத்தில் ஒரு ஸ்ரூடியோவில் வேலைக்குச் சேர்ந்ததற்கும், ஊர் திரும்பிய பிறகு இந்தத் தொழிலையே பிடித்துக்கொண்டதற்கும் அந்த வெறும் சுருள்தான் காரணம். வேறு பெரிய கதை எதுவும் என்னிடம் இல்லை.

மகளின் கலியாணம் சரிவந்த அன்றே அக்கா என்னிடம் வந்து சொல்லிவிட்டாள்.

"எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். தாலி கட்டுற படம் ஒண்டு வேணும். அதை நீதான் எடுக்கவேணும்."

ஓம் என்று சொல்லியிருந்தேன். ஆக, வேலையை விட முடியாது. பாரத்தைத்தான் விடவேண்டும்.

கலியாணப் படத்துக்கு ஏன் அவ்வளவு பெரிய லென்ஸ் என்று கேட்கலாம். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கோவில்களில் பூசை வைக்கும் சாமிமாருக்கு ஒரு சட்டம் உண்டு. பூசை நடக்கும்போது கமராக்காரர் பீடத்துப் பக்கம் வரக்கூடாது. பக்கவாசலடியில், புனிதரின் சுரூபத்துக்குக் கீழே நிற்கவேண்டும். நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது. வெளிச்சம் அடிக்கக்கூடாது. வங்காலைக் கோவில் பெரிய கோவில். அந்த வாசலடியிலிருந்து பீடம் நல்ல தூரம். அங்கே நின்று தாலி முடிச்சைப் பிடிக்க எழுபதிலிருந்து இருநூறு எம்எம் வரை நீளுகிற லென்ஸ் வேண்டும். கோவிலின் மங்கல் வெளிச்சத்துக்கு அதன் வாய் இரண்டு தசம் எட்டு வரை திறக்கவும் வேண்டும். அந்த எண் சிறுக்கச் சிறுக்க வாய் பெரிது. வாய் பெரிதானால் கண்ணாடி பெரிது. கண்ணாடி பெரிதானால் பாரம். அந்தப் பாரம் முழுவதும் இத்தனை வருடமாக என் வலது தோளில்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு எங்கள் சனத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. லென்ஸின் நீளத்தை வைத்துத்தான் படக்காரரை மதிப்பார்கள். நீட்டமாக ஒன்றை மாட்டிக்கொண்டு போனால் கதிரை வரும், சோடா வரும், வழி விடுங்கோ என்று நாலு பேர் சத்தம் போடுவார்கள். குட்டையாக ஒன்றை மாட்டிக்கொண்டு போனால் பெண்ணின் ஒன்றுவிட்ட அண்ணன் தன் தொலைபேசியோடு எனக்கு முன்னால் வந்து நிற்பான். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் ஸ்ரூடியோவுக்கு இரண்டு கடை தள்ளி இன்னொரு படக்காரர் இருக்கிறார். எருக்கலம்பிட்டி முஸ்லிம். நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவேன். தொழிலில் நாங்கள் போட்டி. தேத்தண்ணி குடிப்பது ஒன்றாக. அவர் படம் பிடிக்கும் கலியாணங்களில் பெண்கள் பக்கத்துக்கு ஆண்கள் போக முடியாது என்பதால் அந்தப் பக்கத்துக்கு என்னைத்தான் அனுப்புவார். தோள் விசயத்தைச் சொன்னதும் நானா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அவரிடம் இருந்தது நடுத்தர சென்சர் உள்ள கமரா. சென்சர் என்பது பிலிம் இருந்த இடத்தில் இப்போது இருக்கிற தகடு. என்னுடையது பழைய பிலிம் அளவு. அவருடையது அதில் பாதியை விடச் சின்னது. தகடு சின்னதானால் லென்ஸும் சின்னதாகும் என்று அவர் எனக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினார்.

மூன்றாவது ஆள் யாழ்ப்பாணத்திலிருந்து பறவை பார்க்க வருகிற ஓர் ஐயா. வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பூநாரைகள் வங்காலைக் களப்பில் இறங்கிவிட்டன என்று கேள்விப்பட்டால் அடுத்த நாள் காலை அவரும் இறங்கிவிடுவார். மெமரி கார்ட் வாங்க ஸ்ரூடியோவுக்கு வந்து பழக்கமானவர். அவருடைய கமராவின் தகடு என்னுடையதில் நாலில் ஒரு பங்குதான். பறவைக்கு ஒரு லென்ஸ், மனிதருக்கு ஒரு லென்ஸ் என்று வைத்திருந்தார். மனிதருக்கானதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதுவும் இரண்டு தசம் எட்டாம். என்னுடையது பிடிக்கும் அதே கோணத்தைப் பிடிக்குமாம். எனக்குக் கோபம்தான் வந்தது. இது உண்மையென்றால் நான் இத்தனை நாளும் தூக்கிச் சுமந்தது என்ன?

உண்மையா என்று பார்த்துவிடுவோம் என்று இருவரையும் ஒரு காலையில் வங்காலைக் கடற்கரைக்கு வரச்சொன்னேன். என் கணவர் மீன் வாங்கிக் கொழும்புக்கு லொறியில் ஏற்றுகிறவர். கடற்கரையில் அவருக்கு ஒரு வாடி, மீன் கொட்டகை, இருக்கிறது. தகரக் கூரை, ஐஸ் நிரப்பிய வெள்ளை நுரை ரெஜிபோம் பெட்டிகள், நடுவில் ஒரு மின்தராசு. ஊரில் என் கைக்கு எட்டக்கூடிய நம்பிக்கையான தராசு அது ஒன்றுதான்.

நானா தன் லென்ஸைப் பொலித்தீன் பைக்குள் போட்டு முடிச்சிட்டுக்கொண்டு வந்தார். மீன் வாடை ஒட்டிக்கொண்டால் அடுத்த கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்களாம். ஐயா கையோடு ஒரு துவாய் கொண்டுவந்து தராசின் மேல் விரித்தார். முதலில் ஐயாவின் லென்ஸை வைத்தோம். தராசு கழித்தல் அடையாளம் போட்டு ஓர் எண்ணைக் காட்டியது. ஐயாவின் முகத்தில் வந்த பெருமிதத்தைச் சொல்லி மாளாது. மீன் போடும் பேசின் பாத்திரத்தின் எடையைத் தராசு ஏற்கெனவே கழித்து வைத்திருந்ததுதான் காரணம் என்று இவர், என் கணவர், வந்து பொத்தானை அழுத்திச் சரிசெய்தபோது பெருமிதம் கொஞ்சம் இறங்கியது.

சரிசெய்த பிறகும் ஐயாவின் லென்ஸ் அரைக் கிலோவுக்கு வெகு கீழேதான் நின்றது. நானாவின் லென்ஸ் ஒரு கிலோ. என்னுடையது ஒன்றரைக் கிலோவைத் தொட்டு மேலே போனது. நான் நானாவைப் பார்த்தேன். நானா கடலைப் பார்த்தார்.

பிறகுதான் சண்டை தொடங்கியது. மூன்றும் ஒரே லென்ஸ் இல்லை என்றார் நானா. கோணம் ஒன்று, வாயின் எண் ஒன்று, சரி. ஆனால் பின்னணி கரைவது ஒன்றாக இருக்காது. உள்ளே அள்ளுகிற வெளிச்சமும் ஒன்றாக இருக்காது. பெரிய தகடு அள்ளும் வெளிச்சத்தில் நாலில் ஒன்றைத்தான் ஐயாவுடையது அள்ளும். ஐயாவின் படம் மாதிரியே போதும் என்றால் பெரிய கமராவுக்கும் வாய் சிறுத்த லென்ஸ்கள் இருக்கின்றன. அவற்றின் பாரம் என்னுடையதில் பாதிதான். அப்படி வைத்துப் பார்த்தால் ஐயாவின் வெற்றி அவ்வளவு பெரிய வெற்றி இல்லை. நானா சொன்னது சரி. எனக்கும் அது தெரியும். தோள் வலியில் மறந்திருந்தேன்.

ஐயா விடவில்லை. அம்பது எம்எம் மாதிரிக் குட்டை லென்ஸ்களில் யாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மூன்று கமராவிலும் கையடக்கம்தான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் நீளம் போகப் போகத்தான் சின்னத் தகட்டின் அருமை தெரியும் என்றார். தன் பறவை லென்ஸை எடுத்துத் தராசில் வைத்தார். இதே பூநாரையை இதே அளவில் பிடிக்கப் பெரிய தகட்டுக்காரர் எதைத் தூக்கவேண்டும் தெரியுமா என்று கைகளை அகல விரித்துக் காட்டினார். பக்கத்தில் நின்ற மீனவர் ஒருவர் சுறாவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக் கிட்ட வந்துவிட்டார்.

இவ்வளவு நேரமும் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த இவர் அப்போதுதான் வாய் திறந்தார். தலை வெட்டின மீனையும் தலையோடு உள்ள மீனையும் பக்கத்தில் வைத்து எது பாரம் என்று கேட்கிறீர்களே என்றார். பிறகு லென்ஸ்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயில் மறைப்பு எங்கே, மூடி எங்கே, தாங்கி மாட்டுகிற இந்தக் கால் வளையத்தை ஏன் கழற்றி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். கம்பனிக்காரர் எடை சொல்லும்போது அவற்றைச் சேர்ப்பதில்லை என்று விளக்கினேன்.

"அது கழிவு கழிச்ச எடை. விக்கிறவனுக்கும் வாங்கிறவனுக்கும்தான் கழிவு. தூக்கிறவனுக்குக் கழிவு கிடையாது," என்றார். "பையோட வையுங்கோ பார்ப்பம்."

பையோடு வைத்தோம். என்னுடையது தராசை ஆட்டிவிட்டு நின்றது. நானாவினுடையது கொஞ்சம் குறைவு. ஐயாவின் பை இரண்டையும் விடப் பாரம். உள்ளே நாலு லென்ஸ், தொலைநோக்கி, மடிக்கிற கதிரை, தேத்தண்ணிப் போத்தல், பறவைப் புத்தகம், மழைக்கோட்டு எல்லாம் இருந்தன. எல்லாம் சின்னச் சின்னச் சாமான்தானே, ஒன்றும் பாரமில்லையே என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாராம். நானா சிரித்த சிரிப்பில் வாடிக்கு வெளியே நின்ற காகங்கள் எழும்பிப் பறந்தன. ஐயாவும் கடைசியில் சிரித்துவிட்டார். போகும்போது, அடுத்த முறை வரும்வரை வைத்துப் பழகிப் பாருங்கோ பிள்ளை என்று சின்னக் கமராவையும் சின்ன லென்ஸையும் என்னிடம் கொடுத்துவிட்டே போனார். அவர் மனதுக்கு அந்தப் பூநாரைகள் வருடம் தவறாமல் வரவேண்டும்.

அந்தச் சில வாரங்கள் எனக்குப் பொற்காலம். கழுத்தில் ஏதும் தொங்குகிறதா என்று நானே தொட்டுப் பார்த்துக்கொள்வேன். நானா பிடித்த ஒரு கலியாணத்தில் பெண்கள் பக்கத்துக்குப் போனேன். சின்ன அறை, நெருக்கமான கூட்டம். வழக்கமாகப் பெரிய லென்ஸைத் தூக்கினால் பாதிப் பேர் முக்காட்டை இழுத்து முகத்தை மறைப்பார்கள். மீதிப் பேர் உறைந்து நிற்பார்கள். அன்று யாரும் என்னைக் கவனிக்கவே இல்லை. மருதாணிக் கையோடு பெண் கொட்டாவி விட்டதைக்கூட எடுத்தேன். எல்லாம் முடிகிற நேரத்தில் மாமி முறையான ஒருவர் என் தோளைத் தட்டி, கமராக்காரப் பிள்ளை எப்போது வருவாள் என்று கேட்டார். நான்தான் அந்தப் பிள்ளை என்பதை நம்பவைக்கப் படங்களைக் காட்டவேண்டியதாயிற்று.

ஒரு குறையையும் கண்டுகொண்டேன். நறுவிலிக்குளத்தில் ஒரு ஞானஸ்நானம். மழை இருட்டு. சின்னக் கோவில், ஒரேயொரு விளக்கு. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபோது குழந்தையின் கன்னம் ரவை தூவியதுபோல் பொரிந்திருந்தது. வெளிச்சம் இருந்தால் சின்னது ராசாத்தி. இருட்டினால் அதற்கு மூச்சு வாங்கும். ஆனாலும் வங்காலைக் கோவிலில் விளக்குகளுக்குக் குறைவில்லை, கலியாணமும் இருட்டுமுன் பின்னேரம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தோள் ஆறிக்கொண்டு வந்தது. சீப்பு உச்சந்தலை வரைக்கும் போனது. எல்லாம் சரிவரும் என்று நினைத்தேன்.

அக்கா அந்தக் கமராவைப் பார்த்தது கலியாணத்துக்கு முதல் வாரம். பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தவள் மாவுக் கையோடு வந்தாள். இதைப்போல ஒன்றுதான் இனி என் கமரா, தோளுக்குச் சுகம் என்று காட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை. என் கையில் இருந்ததையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்டைக்கு முகாமிலயும் இவ்வளவுதான் இருந்தது," என்றாள். "பெரிசையும் கொண்டு வா."

இது வேறு, இதில் பிலிமே இல்லை, எடுத்த உடனேயே படத்தைக் காட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அவளுக்காகப் பெரியதைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோவது, வெளியே எடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

கலியாணத்தன்று மழை. பெரிய கமரா நனையாமல் இருக்க இவர் ஒரு ரெஜிபோம் மீன் பெட்டியைக் கழுவித் துடைத்து அதற்குள் வைத்து வான் வண்டியில் ஏற்றினார். லென்ஸுக்குக் கீழே கொடுத்து நிற்கிற ஒற்றைக்கால் தாங்கி ஒன்று என்னிடம் உண்டு. அது அன்றைக்கு முள்ளிக்குளத்தில் இருந்தது. அங்கே ஒரு கலியாணத்துக்கு நானா இரவல் கொண்டுபோயிருந்தார். சின்னக் கமராவுக்குத் தாங்கி எதற்கு என்று நானே தூக்கிக் கொடுத்ததுதான்.

கோவிலுக்குள் சாமி சொன்ன இடத்தில், பக்கவாசலடியில் சுரூபத்துக்குக் கீழே நின்றேன். பெண் உள்ளே வரும்போது எல்லா விளக்குகளும் எரிந்தன. சின்னக் கமரா சொன்னபடி கேட்டது. வாசகம், பிரசங்கம் எல்லாம் நன்றாகப் போயின. சாமி மோதிரங்களை மந்திரித்துத் தாலிக்குக் கை நீட்டிய நேரம் கரண்ட் போனது.

காற்றாடிகள் ஒவ்வொன்றாக நின்றன. வெளியே மழை இருட்டு கன்னங்கரேல் என்று நின்றது. பீடத்து மெழுகுதிரிகளும் திறந்திருந்த வாசல்களும் மட்டும்தான் வெளிச்சம். ஜெனரேற்றரைப் பார்க்க இரண்டு பேர் ஓடினார்கள். சாமி நிற்கவில்லை, ஆறுதலாக, அவசரமில்லாமல், ஆனால் நிறுத்தாமல் செபத்தைச் சொல்லிக்கொண்டே போனார். நான் சின்னக் கமராவைத் தூக்கினேன். அது இருட்டுக்குள் முன்னும் பின்னும் தேடியது, ஒன்றிலும் நிலைக்கவில்லை. எடுத்த ஒரு படத்தைப் பார்த்தேன். நறுவிலிக்குளத்து ரவை. அக்காவுக்கு இன்னொரு வெறும் சுருளை நான் என் கையாலேயே கொடுக்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

ஆண்கள் பக்கத்தில் நின்ற இவரைப் பார்த்தேன். வாசல் பக்கம் கண்ணைக் காட்டினேன். வெளியே போனவர் மழையில் நனைந்தபடி பக்கவாசலால் மீன் பெட்டியோடு வந்தார். பெட்டியைத் திறந்ததும் சாம்பிராணியையும் மீறி ஒரு வாடை எழும்பியது. கிட்ட நின்ற ஒரு மனிசி மூக்கைப் பொத்திக்கொண்டார். பெரிய கமராவை எடுத்துக் கண்ணுக்கு நேரே தூக்கினேன். தோளில் நெருப்பு வைத்தது போலிருந்தது. லென்ஸின் முனை நடுங்கியது. அந்த மங்கலில் மெதுவாகத் திறந்து மூடும் கமராக் கதவுக்கு இந்த நடுக்கத்தோடு எதை எடுத்தாலும் கலங்கித்தான் வரும். கையை இறக்கினேன். திரும்பத் தூக்கினேன். நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இவர் எனக்கு முன்னால் வந்து நின்றார். முதுகு எனக்கு, முகம் பீடத்துக்கு. என்னைவிட ஒரு தலை உயரம். முழங்காலை மடக்கி, கதிரை இல்லாத இடத்தில் கதிரையில் இருப்பவர் போலப் பாதி குந்தி இருந்தார். வலது தோளைத் தட்டிக் காட்டினார். லென்ஸை அதன்மேல் வைத்தேன். பாரம் என் தோளிலிருந்து இறங்கி அவர் தோளுக்குப் போனது. முனை நடுங்கவில்லை. ஆனால் அவர் மூச்சு விடும்போதெல்லாம் மாப்பிள்ளையும் பெண்ணும் மேலே போய்க் கீழே வந்தார்கள்.

"மூச்சு விடாதேங்கோ," என்று காதுக்குள் சொன்னேன்.

அவர் மூச்சைப் பிடித்தார். புது வேட்டியோடு, அரைவாசி இருந்த நிலையில், தொடை நடுங்கத் தொடங்கியும் மேல் உடம்பு அசையவில்லை. மாப்பிள்ளை தாலியை எடுத்தான். பெண் தலையைக் குனிந்தாள். மெழுகுதிரி வெளிச்சம் அவள் கழுத்தில் விழுந்தது. கமராவுக்குள் கண்ணாடி புரளும் சத்தம் அந்த அமைதியில் களக் களக் என்று கேட்டது; சாமி ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். நான் நிறுத்தவில்லை. முடிச்சு விழுந்தது. தோளை ஒருதரம் தட்டினேன். அவர் விட்ட பெருமூச்சில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற மனிசி திரும்பி, என்ன பக்தி என்பது போலப் பார்த்தார். சற்றுப் பொறுத்துத்தான் கரண்ட் வந்தது.

அடுத்த நாள் இவருக்கு வாடிப் படியில் இறங்க முடியவில்லை. தொடை இரண்டும் கல்லாகிவிட்டனவாம். விசயம் கேள்விப்பட்டு நானா தாங்கியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். எல்லாக் கமராவையும் நிறுத்துப் பார்த்ததில் எது நல்லது என்று முடிவு செய்தாய் தங்கச்சி என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் இவர் தராசைக் காட்டினார்.

"அந்தப் பெரிய லென்ஸோட என்னையும் ஏத்தி நிறுத்துப்போட்டுச் சொல்லச் சொல்லுங்கோ. கழிவு கழிக்காமல்."

பின்னேரம் படத்தை அச்சடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படத்தில் பெண்ணின் குனிந்த கழுத்து, மாப்பிள்ளையின் விரல்கள், விழுந்துகொண்டிருக்கும் முடிச்சு எல்லாம் துல்லியமாக இருந்தன. பெண்ணுக்குப் பின்னால் ஓர் எட்டுத் தள்ளி அக்கா நிற்கிறாள். எல்லோருடைய கண்ணும் தாலியில் இருக்கிறது. அக்காவின் கண் மட்டும் நேரே லென்ஸுக்குள், என்னை, பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் எடுக்கிறேனா இல்லையா என்று பார்த்தபடி நிற்கிறாள். நான் அதைக் கோவிலில் கவனிக்கவில்லை. ஸ்ரூடியோவில் திரையில் பெரிதாக்கியபோதுதான் கண்டேன். கண்டதும் நான் கதிரையில் இருந்தபடியே அழுதேன்.

அக்காவும் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்ப நான் மகளுக்குத் தாலி கட்டினதைப் பார்க்கவே இல்லை," என்றாள். விரலால் அந்த முடிச்சைத் தொட்டாள். "இப்பதான் பார்க்கிறன்."

பிறகு என் பையைத் திறந்து பெரிய கமராவை அவளே எடுத்தாள். முதல்முறையாக அதைக் கையில் பிடிக்கிறாள். இரண்டு கையாலும் தூக்கினாள், கீழே வைத்தாள். என் தோளைப் பிடித்து மெதுவாக அமத்திவிட்டாள்.

"இது வேண்டாம். இனி நீ அந்தச் சின்னனையே வைச்சிரு."